கேளுங்க டீச்சர்: சைகோன்ல பாடம், பினாங்குல விருந்து

இந்த மாசம் வந்த கேள்விகள்ல நெறைய, வெளிநாட்டுல போய் படிச்சுக்குடுக்கற வேலையப் பத்தியும் அங்க பழகின சிநேகிதங்க நம்ம ஊருக்கு வந்தா என்ன பண்றதுங்கறதப் பத்தியும்தான். நான் சைகோன்ல, அதான் ஹோ சி மின் சிட்டியில, இங்கிலீஷ் டீச்சரா இருந்துட்டு பினாங்குக்குத் திரும்பி வந்தவங்கறதால எல்லாரும் சேந்தே அனுப்பிட்டீங்க போல. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால சிலதுக்கு நீளமாவே எழுதியிருக்கேன்.

கேள்வி: இங்கிலீஷ் டிகிரி முடிச்சிட்டேன் டீச்சர். சைகோன்ல ஒரு டியூஷன் சென்டர்ல கூப்பிடறாங்க. "மொதல்ல டூரிஸ்டா வந்துடு, பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்றாங்க. அம்மா போகவேணாம்னு அழறாங்க. என்ன செய்யட்டும்? (ஒரு வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

டூரிஸ்டா வான்னு சொல்ற எடத்துக்குப் போகாதீங்கம்மா. நம்ம மலேசியா பாஸ்போர்ட்டுக்கு வியட்நாம்ல 30 நாள் விசா இல்லாம இருக்கலாம், ஆனா அது சுத்திப் பாக்கறதுக்கு, அதுல வேலை செஞ்சா சட்டப்படி தப்பு, மாட்டிக்கிட்டா திருப்பி அனுப்பறது உங்களத்தான், அந்த சென்டர் அடுத்த வாரமே வேற ஆளத் தேடிக்கும். ஒழுங்கான சென்டர்னா வொர்க் பெர்மிட் எடுத்துத் தருவாங்க. அதுக்கு டிகிரி, டீச்சிங் சர்டிபிகேட், மெடிக்கல் செக்கப், குற்றப்பதிவு எதுவும் இல்லன்னு ஒரு கடிதம் இதெல்லாம் கேப்பாங்க. அந்தக் கடிதத்துக்குப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேணாம், விஸ்மா புத்ரா, அதான் நம்ம வெளியுறவு அமைச்சு, அதுதான் அதக் குடுக்குது, சிஜில் கெலாக்குவான் பாய்க்னு பேரு, ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம். டிகிரிக்கும் விஸ்மா புத்ராவுல சான்று வாங்கி, அப்புறம் கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, இருக்கற வியட்நாம் தூதரகத்துலயும் முத்திரை போட்டுக்கணும். இதெல்லாம் இங்க இருக்கறப்பவே முடிச்சிடுங்க, அங்க போயிட்டு தம்பியக் கூப்பிட்டு "அந்த பீரோவுல ரெண்டாவது தட்டுல பாரு"ன்னு போன்ல சொல்லிக்கிட்டு இருந்தா மாசம் போயிடும்.

சர்டிபிகேட்ல மலிவா ஆன்லைன்ல வாங்கறதும் இருக்கு, செல்டா மாதிரி 120 மணி நேரம் படிச்சு, நெசமான மாணவங்க முன்னாடி 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்டறதும் இருக்கு. காசு கூடதான், ஆனா முடிஞ்சா ரெண்டாவதையே எடுங்க, ஏன்னா மொத நாள் வகுப்புல நின்னா கை நடுங்காது. சைகோன் பிள்ளைங்க நல்லா பேசுவாங்க, ஆனா வார்த்தையோட கடைசி சத்தத்த முழுங்கிடுவாங்க, 'ரைஸ்'னு சொல்லச் சொன்னா 'ரை'யோட நின்னுடும், 'லைக்'கும் 'லைட்'டும் ஒரே மாதிரி கேக்கும். அவங்க பாஷையில வார்த்தை முடியற விதமே வேற, அதனாலதான், அவங்க சோம்பேறித்தனம் இல்ல. இது தெரிஞ்ச டீச்சர் பொறுமையா இருப்பாங்க, தெரியாதவங்க கத்துவாங்க.

வேலை நேரத்தக் கேட்டுக்கோங்க. பிள்ளைங்க பகல்ல ஸ்கூல்ல இருக்கறதால டியூஷன் சென்டர்ங்க ஓடறதே சாயங்காலமும் சனி ஞாயிறும்தான், அதனால உங்க ஓய்வு நாள் மத்தவங்க வேலை நாளா இருக்கும், மொத ரெண்டு மூணு மாசம் தனிமையா தெரியறதுக்குப் பெரிய காரணமே இது. வகுப்புல நிக்கற நேரத்துக்கு மட்டும் சம்பளமா, பாடம் தயார் பண்றதுக்கும் சேத்தா, லீவுல என்ன கணக்கு, எல்லாத்தையும் கான்ட்ராக்ட்ல எழுதி வாங்குங்க. பிடிபிடிஎன் கல்விக் கடன் இருந்தா அங்க இருந்தும் கட்டிக்கிட்டே இருங்க. ஈபிஎஃப்ல, அதான் ஓய்வுகாலச் சேமிப்பு நிதியில, நாமளா விரும்பிப் போடற வசதி இருக்கு, சின்னத் தொகையா இருந்தாலும் மாசாமாசம் போடுங்க, வெளிநாட்டுல வேலை செஞ்சு வர்றவங்க நெறைய பேருக்கு அந்த வருஷங்க கணக்குல ஓட்டையா கெடக்குது.

அம்மாவுக்கு ஆறுதல் சொல்லாதீங்க, பேப்பரக் காட்டுங்க. கான்ட்ராக்ட், தங்கற எடத்து அட்ரஸ், சென்டர் மேனேஜர் நம்பர், டிக்கெட். பினாங்குல இருந்து ஏறக்குறைய ரெண்டு மணி நேரப் பறப்பு, அங்க மணி நமக்கு ஒரு மணி நேரம்தான் பின்னாடி, அவங்க ராத்திரி சீரியல் முடிஞ்சு கூப்பிட்டாலும் நீங்க முழிச்சிருப்பீங்க. நவம்பர் 20 அங்க ஆசிரியர் நாள், பிள்ளைங்க பூவா கொண்டுவந்து குமிப்பாங்க, மறக்காம அந்த போட்டோவ அம்மாவுக்கு அனுப்புங்க. எங்கம்மா அதப் பாத்தப்புறம்தான் எப்ப வர்றேன்னு கேக்கறத நிறுத்தினாங்க.

கேள்வி: கொரியா டிராமா பாத்துப் பாத்து அங்க போய் இங்கிலீஷ் டீச்சரா இருக்கணும்னு ஆசை. முடியுமா டீச்சர்? (ஒரு வாசகர், கூலிம்)

அங்க இங்கிலீஷ் பேச்சு டீச்சருக்குக் குடுக்கற ஈ-2 விசா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா இந்த ஏழு நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான் பொதுவா போகுதுப்பா. நம்ம இங்கிலீஷ் எவ்ளோ நல்லா இருந்தாலும் மலேசியா பாஸ்போர்ட் அந்த லிஸ்ட்ல இல்ல. எனக்கு இது நியாயமாவே படல, ஆனா ஏஜென்ட் யாராவது "நான் எடுத்துத் தர்றேன்"னு காசு கேட்டா குடுத்துடாதீங்க, அதுக்காகத்தான் இவ்ளோ நேரா சொல்றேன். வியட்நாம்லயும் சில சென்டர் நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்னு விளம்பரத்துலயே போடுவாங்க, அத விட்டுட்டு டீச்சர் தகுதியப் பாக்கற எடமாத் தேடுங்க, இருக்கு.

கேள்வி: சீனாவுல ஒரு ஸ்கூல்ல வேலை பாத்தப்போ கூட இருந்த போலந்து டீச்சர் ஒருத்தர் அடுத்த மாசம் பினாங்கு வர்றார், நாலு நாள். சுவர் ஓவியம், கேக் லோக் சி புத்தர் கோவில் இதெல்லாம் அவரே நெட்ல பாத்து வச்சிருக்கார். நான் என்ன புதுசா காட்டப் போறேன்னு ஒரே யோசனை. (ஒரு வாசகர், ஜெலுத்தோங்)

புதுசா எதுவும் வேணாம் தம்பி, உங்களோடத காட்டுங்க.

நான் சைகோன் போன புதுசுல கூட வேலை பாத்த தோழி என்னய மொத ஞாயித்துக்கெழம எங்க கூட்டிட்டுப் போனா தெரியுமா, அவ அம்மா காய்கறி வாங்கற சந்தைக்கு. அப்புறம் அவ படிச்ச ஸ்கூல் வாசல்ல நின்னு ஐஸ் போட்ட பால் காப்பி. அதுக்கப்புறம் "உனக்கு ஒரு எடம் வச்சிருக்கேன்"னு மோட்டார்ல ஏத்திக்கிட்டு நடு டவுன்ல ஒரு தெருவுக்குப் போனா, பாத்தா மாரியம்மன் கோவில்! 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில அங்க இருந்த தமிழ் வியாபாரிங்க கட்டினது, கோபுரம் எல்லாம் நம்ம ஊர் மாதிரியேதான், ஆனா உள்ள கும்பிடறவங்கள்ல முக்கால்வாசி வியட்நாம்காரங்க, கையில ஊதுபத்தி, கருவறைக்குப் பின்னாடி கல் சுவத்துல நெத்திய வச்சு அம்மன்கிட்ட மெதுவா வேண்டுதல் சொல்றாங்க. நான் அங்கயே அழுதுட்டேன். எத்தன மியூசியம் பாத்திருந்தாலும் அந்த ஊர் எனக்கு அவ்ளோ கிட்ட வந்திருக்காது, ஏன்னா அவ எனக்குக் காட்டினது அவ ஊர்ல அவளுக்கு வேணுங்கற எடத்தையும் எனக்கு வேணுங்கற எடத்தையும்.

அதனால உங்க போலந்து நண்பருக்கு மொத நாள் காலைல உங்க வீட்டுக்குக் கீழ இருக்கற ஒட்டுக்கடையிலயே பசியாறக் கூட்டிட்டுப் போங்க. நீங்க தெனம் சாப்பிடற ரொட்டி சானாய், தே தாரிக், கடைக்காரர் உங்களப் பேர் சொல்லிக் கூப்பிடணும், அதுதான் அவர் நெட்ல பாக்க முடியாதது.

அப்புறம் ஃபெரி. பாலத்துல கார்ல கூட்டிட்டு வராதீங்க, எதிர்க்கரையில இருக்கற பட்டர்வொர்த்துக்குப் போய் ஃபெரில ஏறி ஊருக்குள்ள வாங்க. பழைய பெரிய ஃபெரியெல்லாம் இப்ப இல்ல, 2023ல வந்த புதுப் படகுல கார் ஏத்த முடியாது, மோட்டாரும் ஆளுங்களும்தான், ஆனாலும் தண்ணி மேல இருந்து கொம்தார் கட்டடமும் பின்னாடி கொடிமலையும், அதான் பினாங்கு ஹில்லும், சேந்து தெரியுது பாருங்க, நம்ம தாத்தா பாட்டி கப்பல்ல இருந்து பாத்ததும் இதே மலையத்தான்னு அவர்கிட்ட சொல்லுங்க. அத யாரும் போர்டுல எழுதி வைக்கல, நீங்கதான் சொல்லணும்.

எறங்கி நடந்தா லிட்டில் இந்தியா. இங்க அவசரப்படாதீங்க. எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, வெளியூர்க்காரங்க எல்லாம் அர்மேனியன் தெருவுல சைக்கிள் ஓவியம் முன்னாடி வரிசையில நின்னு போட்டோ எடுத்துட்டு, சில நிமிஷ நடையில இருக்கற நம்ம தெருவுக்கு வந்தா பாட்டு சத்தத்தையும் சேலைக் கடையையும் மட்டும் பாத்துட்டுப் போயிடறாங்க. குயின் தெரு மாரியம்மன் கோவில் 1833ல கட்டினது. அங்க இருந்து ஒரு திருப்பம், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801ல காதர் மொஹிதீன்னு ஒரு தமிழ் முஸ்லிம் தலைவர் காலத்துல வந்தது. அதே சாலையில சீனங்களோட குவான் யின் கோவில், அதத் தாண்டி 1818ல கைதிகளோட உழைப்புல எழும்பின செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம். நாலும் நடந்தே போற தூரம். சூலியா தெருவுல நாகூர் தர்காவும் இருக்கு, சின்ன எடம், தெருமுனையில ஒதுங்கி நிக்கும், பல பேர் தாண்டிப் போயிடுவாங்க. இந்தத் தெருவுங்கள நீங்க ஒருதடவ தனியா நடந்து பாத்துட்டு அப்புறம் அவரக் கூட்டிட்டுப் போங்க. இங்கயே பொறந்து வளந்தவங்கதான் ஒரு எடத்தோட வருஷம்கூட தெரியாம தெனம் மோட்டார்ல கடந்து போறோம், அவர் கேக்கறப்போ பதில் உங்க வாயில இருந்து வந்தா அதுக்கு இருக்கற மரியாதையே தனி.

மத்தியானம் நாசி கண்டார். குழம்ப கலந்து ஊத்தச் சொல்லுங்க, கடைக்காரர் பாணியிலயே. சாயங்காலம் ஆயர் ஈத்தாம்ல அசாம் லக்சா, மீன் வாசம் அவருக்கு ஒத்துக்குமான்னு மொதல்லயே கேட்டுட்டு. கொடிமலை ரயில் 1923ல இருந்து ஓடுது, இப்ப இருக்கற வேகமான வண்டி 2011ல வந்தது, லீவு நாள்ல கூட்டம் தாங்காது, வேலை நாள் காலையில போங்க, மேல முருகன் கோவிலும் பள்ளிவாசலும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. மூணாவது நாள் அவரத் தனியா விடுங்க, நெஜமாத்தான் சொல்றேன், ரேப்பிட் பினாங்கு 101 பஸ்ல ஏத்தி விட்டா பத்து பிரிங்கி கடற்கரை, தெலுக் பகாங் வரைக்கும் போயிட்டு வருவார், விருந்தாளிக்கும் மூச்சு விட நேரம் வேணும், உங்களுக்கும் வேணும். அவருக்குக் கேக் லோக் சி போகணும்னா அன்னிக்கே போய்க்கட்டும்.

ஜூன் ஜூலையா இருந்தா பாலிக் புலாவ்ல டுரியான். ஹோட்டல்ல தங்கறவரா இருந்தா ரூமுக்கு எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க, அங்கயே ஒக்காந்து சாப்பிடட்டும். செப்டம்பர் அக்டோபர்னா மழை ஜாஸ்தி, வெளிய போற எதையும் காலையில வச்சுக்கோங்க. வர்றதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல நிரப்பணும்னு அவருக்கு மறக்காம ஞாபகப்படுத்துங்க.

கேள்வி: கூட வேலை பாத்த அமெரிக்கத் தோழி இங்க வந்தப்போ, "நீ இந்தியாவுல இருந்து எப்ப வந்த?"ன்னு கேட்டா. நான் நாலாவது தலைமுறை டீச்சர். எனக்குக் கோவம் வந்திருச்சு, சரியா பதிலும் சொல்லத் தெரியல. (ஒரு வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

கோவம் வர்றது ஞாயம்தான்மா, நம்ம ஊர்லயே நம்மள அப்படிக் கேக்கறவங்க இருக்கறப்போ வெளிநாட்டுத் தோழியும் கேட்டா வலிக்கத்தான் செய்யும். ஆனா பெரும்பாலும் அவங்க தெரியாமதான் கேக்கறாங்க. சைகோன்ல ஒவ்வொரு புது வகுப்புலயும் பிள்ளைங்க என்னயக் கேக்கற மொத கேள்வியே இதுதான், மலேசியான்னா நீங்க ஏன் இந்தியாக்காரங்க மாதிரி இருக்கீங்கன்னு. நான் போர்டுல ஒரு வரைபடம் வரைவேன், தமிழ்நாட்டுக் கரைக்கும் பினாங்குக்கும் நடுவுல ஒரு கோடு, அந்தக் கோட்டுல கதை சொல்வேன். ஒரு பாடமே அதுல ஓடிடும்.

பிரான்சிஸ் லைட் 1786ல பினாங்குல கொடி ஏத்தறதுக்கு முன்னாடியே கடாரத்துக் கரையில தமிழ் முஸ்லிம் வியாபாரிங்க யாவாரம் பண்ணிக்கிட்டுதான் இருந்தாங்க, ஊர் உண்டானதும் அவங்கதான் மொதல்ல வந்து தங்கினவங்கள்ல ஒரு கூட்டம், அவங்கள அப்ப சூலியான்னு கூப்பிடுவாங்க, அதனாலதான் சூலியா தெருன்னு ஒண்ணு இருக்கு. 1816ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்பு ஆரம்பிச்சாங்க, 2016ல மலேசியாவுல தமிழ்க்கல்விக்கு 200 வருஷம்னு நாம கொண்டாடினது அந்தக் கணக்குலதான். இன்னிக்கும் பினாங்கு மாநிலத்துல 28 தமிழ்ப்பள்ளி இருக்கு. எதிர்க்கரையில, செபராங் பிறையில, கரும்புத் தோட்டத்துக்குன்னு தமிழ் ஆளுங்களக் கொண்டுவந்தாங்க, அப்புறம் காப்பி, அப்புறம் கித்தா, அதான் ரப்பர். 1938ல இந்தியா அரசாங்கம் அப்படி ஆள் அனுப்பறத நிறுத்தற வரைக்கும் கப்பல் கப்பலா வந்தாங்க. ரஜூலா கப்பல் பேரச் சொன்னா நம்ம வீட்டுப் பெரியவங்க இன்னமும் அரை மணி நேரம் பேசுவாங்க.

இதெல்லாம் ஊர்க்கதை. தோழி கேட்டது உங்க கதைய. உங்க பாட்டி எந்தத் தோட்டத்துல பால் வெட்டினாங்க, தோட்டத்தத் துண்டு துண்டா வித்தப்போ எங்க போனாங்க, கேஎல்லுக்கு யார் மொதல்ல வந்தா, எந்த லயத்துல எத்தனாவது வீடு, இதக் கேட்டு எழுதி வச்சிருக்கீங்களா? இல்லன்னா இந்த வாரமே பாட்டிகிட்ட போன ரெக்கார்ட்ல போட்டு ஒக்காருங்க. தோழிக்கு அதச் சொன்னீங்கன்னா அவ மறுபடி அப்படிக் கேக்கமாட்டா, அவ பாட்டியோட கதைய உங்களுக்குச் சொல்ல ஆரம்பிச்சிடுவா.

கேள்வி: தைப்பூசத்துக்கு என் வியட்நாம் தோழியக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். காவடி அலகு பாத்து பயந்துடுவாளோ? (ஒரு வாசகி, பட்டர்வொர்த்)

பயப்படமாட்டா, நீங்க முன்னாடியே சொல்லி வச்சீங்கன்னா. என் தோழி வந்தப்போ நான் ஒரு வாரத்துக்கு முன்னாடியே விரதம்னா என்ன, அலகு ஏன் குத்திக்கறாங்க, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தறது இல்லன்னு எல்லாம் போன்ல பேசிட்டேன். அவ கேட்டதெல்லாம் "நானும் சைவமா இருக்கணுமா?"ன்னுதான். இருந்தா.

தைப்பூசத்துக்கு மொத நாள் விடிகாலையிலயே பினாங்கு தெரு கோவில் வீட்டுல இருந்து செட்டியார்மாரோட வெள்ளி ரதம் கெளம்பிடும், 1894ல இந்தியாவுல இருந்து வந்த ரதம் அது. 2017ல இருந்து தங்க ரதமும் உண்டு, அது குயின் தெரு மாரியம்மன் கோவில்ல இருந்து. ரதம் வர்றதுக்கு முன்னாடி சாலையில தேங்காய் மலை மாதிரி குமிச்சிருப்பாங்க, அத ஒடைக்க நிக்கறவங்கள்ல சீனக் குடும்பங்களும் ஏராளம், சின்னப் பிள்ளைங்களோட வந்து நிப்பாங்க. தோழிக்கு அதக் கட்டாயம் காட்டுங்க, ஓடு தெறிக்கும், மூடின செருப்பு போட்டுட்டு வரச் சொல்லுங்க.

தைப்பூசத்தன்னிக்கு தண்ணீர்மலை முருகன் கோவில். 513 படி, வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஏறிடுங்க. முட்டி மறையற மாதிரி துணி. காவடி எடுக்கறவர் மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லுங்க, அவர் கூட அம்மா, அக்கா, தங்கச்சின்னு ஒரு குடும்பமே மனசு பதறிக்கிட்டு நடந்து வருது. கீழ தண்ணீர்ப் பந்தல்ல கொஞ்ச நேரம் அவளையும் மோர் ஊத்திக் குடுக்க விடுங்க. என் தோழி அங்கயே நின்னுட்டா, கரண்டிய அவகிட்ட இருந்து வாங்கவே முடியல, பந்தல்ல இருந்த அண்ணன் ஒருத்தர் அவளுக்கு "வாங்க, மோர் சாப்பிடுங்க"ன்னு சொல்லக் கத்துக்குடுத்துட்டார், சாயங்காலம் வரைக்கும் அதையே கூவிக்கிட்டு இருந்தா. இன்னமும் தைப்பூசம்னா எனக்கு முன்னாடி அவ மெசேஜ்தான் வரும், பந்தல் போட்டாச்சான்னு.

கேள்வி: வெளிநாட்டு நண்பர் வந்தா எல்லா பில்லையும் நாமளே கட்டணுமா? மாமியார் கட்டணும்ங்கறாங்க, என் சம்பளம் தாங்காது. (ஒரு வாசகர், நிபோங் தெபால்)

மொத சாப்பாடும் கடைசி சாப்பாடும் நீங்க பெலாஞ்சா பண்ணுங்க, நடுவுல அவரும் குடுக்கட்டும். ஒட்டுக்கடை, காசு இல்லாம ஏறற கேட் பஸ், வீட்டு சாப்பாடுன்னு போனா பினாங்குல செலவே கம்மி. அவர் பர்ஸ எடுத்தா கையத் தட்டிவிடாதீங்க, அவருக்கும் குடுக்கணும்னு ஆசை இருக்கும். மாமியார்கிட்ட வீட்டு விருந்த ஒப்படைச்சிடுங்க, அவங்க மனசும் நெறையும்.

கேள்வி: எங்களுது சின்ன பிளாட், மூணு பேர் ஏற்கனவே இருக்கோம். ஜப்பான் தோழி எங்க வீட்டுலதான் தங்குவேங்கறா. ஹோட்டல் போட்டுக் குடுக்கறதுதான் மரியாதையா டீச்சர்? (ஒரு வாசகி, பாயான் பாரு)

அவளே கேக்கறப்போ வீட்டுலயே வைங்கம்மா. எடத்தோட அளவ முன்னாடியே போட்டோ எடுத்து அனுப்பிடுங்க, பாத்ரூம் எப்படி, படுக்க பாயா மெத்தையா, ஃபேனா ஏர்கானா, எல்லாம். ஜப்பான்லயும் தரையில விரிச்சுப் படுக்கற பழக்கம் உண்டு, அதப் பத்திக் கவலப்படாதீங்க. அவளுக்குன்னு ஒரு அலமாரித் தட்டும் வீட்டுச் சாவி ஒண்ணும் குடுங்க. காலையில உங்கம்மா சாமி கும்பிடறப்போ மணி அடிப்பாங்கன்னா அதையும் சொல்லி வைங்க. உறைப்ப மட்டும் மொத நாள் கொறச்சுக்கச் சொல்லுங்க, ரெண்டாவது நாள் அவளே சம்பல் கேப்பா.